எம்டன் என்னும் சொல்லும் முல்லர் என்னும் மனிதரும்

வாழ்க்கை வரலாறு எழுதுவோர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. எழுதப்படுபவரின் பெருமையை மறையாது கூறுதல் ஒன்று. அவருக்கு உரியதல்லாத பெருமையை அவர்மீது சுமத்தாதிருத்தல் மற்றொன்று. முதற்கடமையை நம்மவர் செவ்வனே ஆற்றி வருகின்றனர். இரண்டாவதை நாம் போதிய அளவு போற்றவில்லை என்பதே என் கருத்து. இக்குறையை விளக்க ஒரு கடற்படை அதிகாரியின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றேன். அவர் தமிழர் அல்லர். ஆயினும் அவர் செலுத்திய கப்பலின் பெயர் நூறாண்டுக்கு மேலாகத் தமிழில் வழங்குகின்றது. கப்பலின் பெயரை அறிந்த நாம் கப்பல் தலைவரின் பெயரை அறியோம். அதனினும் வியப்பு, அவர் நின்ற இடத்தில் வேறொருவரை நிறுத்தி வைத்துப் போற்றி வருகின்றோம்.

முதலில் சொல்லை நோக்குவோம். 'அவன் பெரிய எம்டன்', 'அந்த எம்டனிடம் வாய் கொடுக்காதே' என்னும் வழக்குகள் சென்னையில் பிறந்தவை. சிராங்கூன் சாலையில் கடை வைத்திருந்த முதியோர் வாயிலும் நான் இவற்றைக் கேட்டதுண்டு. அஞ்சத்தக்கவன், சூழ்ச்சி வல்லவன், எதற்கும் துணிந்தவன், கண்டிப்பு மிக்கவன் என இச்சொல் இடத்திற்கேற்பப் பொருள் தரும். மலையாளத்திலும் இது சற்றே திரிந்து, மிகப்பெரியது என்னும் பொருளில் வழங்குகின்றது.

எம்டன் என்பது ஜெர்மனியின் வடமேற்கில், எம்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள ஒரு நகரம். அந்நகரின் பெயரை 1908ஆம் ஆண்டு டான்சிக் துறையில் நீரில் இறக்கப்பெற்ற ஒரு போர்க்கப்பலுக்கு இட்டனர். ஊர்ப்பெயர் கப்பலுக்கு ஆகி வந்தது ஜெர்மானியர் செயல். கப்பல் பெயர் மனிதனுக்கு ஆகி வந்தது தமிழர் செயல். இவ்விரண்டாம் மாற்றத்திற்கு நம் மொழியின் இயல்பும் துணைநின்றது எனலாம். சொல்லின் இறுதியில் நிற்கும் னகர ஒற்று தமிழ்ச் செவிக்கு ஆண்பால் விகுதியாகவே ஒலிக்கும். முன்னிற்கும் ஒலியோ எமனை நினைவூட்டும். ஆகவே அஃறிணையாகிய கப்பல் நம் வாயில் எளிதாக உயர்திணை ஆயிற்று. வகுப்பறையில் ஆகுபெயர் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சுவையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆனால் இந்த இலக்கணச் சுவைக்கு நாம் கொடுத்த விலை ஒன்றுண்டு. கப்பலே ஆளாகி விட்டபின், அதனைச் செலுத்திய ஆளைத் தேடும் தேவை நமக்கு எழவில்லை.

அந்த ஆளின் பெயர் கார்ல் வான் முல்லர். 1873ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஹானோவர் நகரில், பிரஷ்யப் படை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தை தரைப்படையினர், மகன் 1891ஆம் ஆண்டு கடற்படையில் சேர்ந்தார். பயிற்சிக் கப்பல்களில் பழகிச் சமிக்ஞை அதிகாரியாகப் பணியாற்றிய பின், ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பப்பட்டார். அங்கே பற்றிய மலேரியாக் காய்ச்சல் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை. நாடு திரும்பிய பின் கடற்படைத் தலைமையகத்தில் எழுத்துப் பணியும் திட்டப் பணியும் ஆற்றினார். நாற்பதாம் வயதை எட்டிய நிலையில், 1913ஆம் ஆண்டு, எம்டன் கப்பலின் தலைமை அவருக்குக் கிட்டியது. மெலிந்த உடல், குறைந்த பேச்சு, பணியில் கண்டிப்பு ஆகியவையே உடனிருந்தோர் அவரிடம் கண்டவை. நம் வழக்கில் உள்ள 'எம்டன்' என்னும் ஆரவாரமான உருவத்திற்கும் இந்த அமைதியான அதிகாரிக்கும் எத்துணைத் தொலைவு!

முதல் உலகப் போர் மூண்டபோது எம்டன் சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் துறைமுகத்தைச் சார்ந்திருந்தது. 1914 ஜூலை 31ஆம் நாள் அங்கிருந்து புறப்பட்ட அக்கப்பல் ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஒருமுறை அத்துறைக்குத் திரும்பி, மீண்டும் புறப்பட்டது. ஆகஸ்டு நடுவில், பசிபிக் கடலின் பாகன் தீவில், தன் கப்பலைத் தனியே இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்புமாறு முல்லர் தம் தலைவரிடம் வேண்டி இசைவு பெற்றார். நிலக்கரிக் கப்பல் ஒன்றைத் துணையாகக் கொண்டு, பகைவரின் துறைகளும் கம்பியில்லாத் தந்தி நிலையங்களும் சூழ்ந்த கடலுக்குள் அவர் நுழைந்தார். எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. பிரிட்டிஷ் போர்க்கப்பல் எனத் தோற்றுமாறு பொய்யாக நான்காவது ஒன்றைக் கித்தானால் அமைத்துக்கொண்டார்.

செப்டம்பர் மாத முற்பகுதியில் வங்கக்கடலில் அவர் கையில் முதலிற் சிக்கியது பொன்டோபோரோஸ் என்னும் கிரேக்க நாட்டுக் கப்பல். கிரேக்கம் நடுநிலை நாடு. ஆனால் கப்பலில் இருந்த நிலக்கரி பிரிட்டிஷாருக்குரியது. முல்லர் கிரேக்கத் தலைவருக்குப் பணிக்குரிய கூலி பேசி, அக்கப்பலைத் தம் கரிக்கப்பலாக ஆக்கிக்கொண்டார். தொடர்ந்து சரக்குக் கப்பல்கள் பலவற்றைப் பிடித்து மூழ்கடித்தார். ஒவ்வொன்றிலும் மாலுமிகளையும் பயணிகளையும் முதலில் இறக்கிய பின்னரே கப்பலை அழித்தார். இறக்கியவர்களைப் பிடிபட்ட மற்றொரு கப்பலில் ஏற்றி விடுதலை செய்தார். அவ்வாறு விடுவிக்கப்பட்டோர் பிரியும்போது அவரை வாழ்த்தி ஆரவாரித்தனர் என்பது பகைவர் பத்திரிகைகளே வெளியிட்ட செய்தி.

செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் சென்னைக்கு முன் தோன்றியது. அரை மணிக்கும் குறைந்த பொழுதில் ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றும் தாக்குண்டது. உயிர்கள் சிலவும் போயின. பொருட்சேதத்தினும் பெரியது மனச்சேதம். பெருந்திரளான மக்கள் நகரை விட்டு ஊர்களுக்கு ஓடினர். கடலை ஆள்வோர் என்று பேர்பெற்ற ஆங்கிலேயர் கண்முன்னே ஒற்றைக் கப்பல் வந்து சுட்டுவிட்டுப் போயிற்றே என்னும் வியப்பு, அச்சத்தோடு கலந்தது. அந்தக் கலவையிலேதான் நம் சொல் பிறந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் பதித்த கல்வெட்டு இன்றும் அந்த இரவை நினைவூட்டுகின்றது.

மலாயாக் கரைக்கும் எம்டன் வந்தது. அக்டோபர் 28ஆம் நாள் விடியுமுன் பினாங்குத் துறைக்குள் புகுந்து, செம்சுக் என்னும் ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும்போது மஸ்கே என்னும் பிரெஞ்சு நாசகாரிக் கப்பலையும் அழித்தது. ரஷ்யர் 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பினாங்கில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் உள்ளது. பிரெஞ்சுக் கப்பலில் உயிர் தப்பியோரைக் கடலிலிருந்து எடுத்துக் காத்த முல்லர், அவருள் இறந்தவர்களைப் படை மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தார்; எஞ்சியோரை வேறொரு கப்பலில் ஏற்றிச் சுமத்திரா அனுப்பினார்.

நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவுகளில் முடிவு நேர்ந்தது. தந்தி நிலையத்தை அழிப்பதற்காக, தம் துணைத் தலைவர் ஹெல்முத் வான் மூக்கே தலைமையில் ஏறத்தாழ 50 பேரை முல்லர் கரையில் இறக்கியிருந்தார். நிலையத்தார் விடுத்த செய்தி கேட்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் போர்க்கப்பல் விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை; எட்டும் தொலைவும் மிகுதி. 130-க்கும் மேற்பட்ட தம் வீரரை இழந்த முல்லர், எஞ்சியோரைக் காக்கும் பொருட்டுக் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். கரையில் இருந்த மூக்கே ஆயிஷா என்னும் பழைய பாய்க்கப்பலைக் கைப்பற்றித் தப்பி, அரேபியா வழியாகத் துருக்கியை அடைந்தார்.

சிறைப்பட்ட முல்லர் மால்டாத் தீவிற்கும், 1916ஆம் ஆண்டு இங்கிலாந்திற்கும் கொண்டுசெல்லப்பட்டார். 1917ஆம் ஆண்டு சுரங்கம் தோண்டி இருபதுக்கும் மேற்பட்டோருடன் தப்பினார், மீண்டும் பிடிபட்டார். மலேரியா முற்றியமையால் 1918ஆம் ஆண்டு முதலில் நெதர்லாந்திற்கும் பின்னர்த் தாயகத்திற்கும் அனுப்பப்பட்டார். நாட்டின் மிகவுயர்ந்த படைவிருதையும் பதவி உயர்வையும் பெற்று, 1919ஆம் ஆண்டு ஓய்வு கொண்டார். 1923 மார்ச் 11ஆம் நாள், ஐம்பதாம் வயது நிறையுமுன்னரே காலமானார்.

இவ்வாழ்வில் என்னை மிகவும் ஈர்ப்பது சென்னையோ பினாங்கோ அன்று. ஓய்வுபெற்ற பின் தம் கடற்செலவைப் பற்றி நூலெழுதுமாறு பலர் வேண்டினர். முல்லர் மறுத்துவிட்டார். தம் தோழர் சிந்திய குருதியைக் காசாக்குவது போன்ற உணர்விலிருந்து தம்மால் விடுபட இயலாது என்பது அவர் கூறிய காரணம். மூக்கே எழுதினார், கப்பலில் இருந்த வேறு அதிகாரிகளும் எழுதினர். தலைவர் மட்டும் எழுதவில்லை. தம் வரலாற்றைத் தாமே எழுதாதவர்க்கு நேரும் கதி அவருக்கும் நேர்ந்தது. அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தைப் பிறர் தத்தம் விருப்பப்படி நிரப்பினர்.

சிங்கப்பூர் வாசகர் கருத வேண்டிய இன்னொரு பகுதியும் இதில் உண்டு. எம்டனின் துணைக்கப்பல்களில் பிடிபட்ட ஜெர்மானியர் இந்நகரின் டாங்ளின் முகாமிற் சிறை வைக்கப்பட்டனர். அவருள் ஜூலியஸ் லௌட்டர்பாக் என்னும் அதிகாரி ஒருவர். வணிகக் கப்பல் தலைவராகக் கீழ்த்திசைக் கடல்களை நன்கறிந்தவர். அவர்களைக் காவல் காத்தோர் இந்தியப் படையின் ஐந்தாம் இலகு காலாட்படையினர். பெரும்பாலும் வட இந்திய முஸ்லிம் வீரர். துருக்கியோடு பொர நேருமோ என்னும் ஐயமும், மேலதிகாரிகளிடையே நிலவிய பூசலும், பதவி உயர்வு பற்றிய மனக்குறையும் அவர்களிடையே முன்னரே புகைந்துகொண்டிருந்தன. கைதிகளின் பேச்சு அதற்கு ஊதுகோலாயிற்று. 1915 பிப்ரவரி 15ஆம் நாள், சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது, கலகம் வெடித்தது. டாங்ளின் முகாமைத் திறந்து சிப்பாய்கள் துப்பாக்கி நீட்டியபோது ஜெர்மானியரிற் பெரும்பாலோர் வாங்க மறுத்தனர். லௌட்டர்பாக்கும் சிலரும் வாய்ப்பைப் பயன்படுத்தித் தப்பியோடினர். கலகம் அடங்கிய பின் 47 சிப்பாய்கள் ஊட்ரம் சிறைச்சாலை மதிலின் முன், மக்கள் திரண்டு நோக்கச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

முல்லர் அப்போது தொலைவில் மால்டாவிற் கைதி. இக்கலகத்தில் அவருக்குப் பங்கில்லை. ஆயினும் எம்டனைப் பற்றிய புகழ்ச்சிக் கட்டுரைகள் கோகோஸ் தீவோடு முடிந்துவிடுவது முறையன்று. அக்கப்பலின் கதை ஊட்ரம் மதில்வரை நீண்டது. பெயர் தெரியாத அந்தச் சிப்பாய்களையும் உட்கொண்டால்தான் அது நம் மாணவர் வாழும் ஊரின் வரலாறாகும்.

இனி, கட்டுரையின் மையத்திற்கு வருவோம். தமிழில் எம்டனைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளிலும், மேடைப் பேச்சுகளிலும், மாணவர் ஒப்புவிக்கும் உரைகளிலும் பெரும்பாலும் தலைமை இடம் பெறுபவர் செண்பகராமன் பிள்ளை. அவர் எம்டனில் பொறியாளராக இருந்தார் என்பர் சிலர். துணைத் தளபதியாக இருந்தார் என்பர் வேறு சிலர். சென்னை மீது குண்டு வீசச் சொன்னவரே அவர்தாம் என்றும் எழுதுவர். கேட்பதற்கு நெஞ்சு நிமிர்கின்றது. ஆனால் நாட்காட்டி இதற்கு இசையவில்லை.

செண்பகராமன் 1891ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். இளமையிலேயே ஐரோப்பா சென்றவர். 1914 ஜூன் மாதத்தில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்கான பன்னாட்டுக் குழுவை நிறுவி நடத்திவந்தார். அதே ஆண்டு அக்டோபரில் பெர்லின் சென்று, அங்கிருந்த இந்தியர் குழுவுடன் இணைந்தார். எம்டனோ ஆகஸ்டுத் தொடக்கத்தில் சீனக் கரையை விட்டது. சென்னையைத் தாக்கியது செப்டம்பர் 22. அதன்பின் நவம்பரில் அழியும்வரை எந்த ஜெர்மானியத் துறையையும் அது தொடவில்லை. செப்டம்பர் இறுதியில் வங்கக்கடலில் இருந்த ஒருவர், பகைவர் கப்பல்கள் மறித்திருந்த கடல்களைக் கடந்து அக்டோபரில் பெர்லினில் தோன்றுவது எவ்வாறு? துணைத் தலைவர் பதவியில் இருந்தவரோ மூக்கே. இதனை முன்னரே கண்டோம். ஆக, சென்னையின்மீது குண்டு விழுந்த இரவில் செண்பகராமன் எம்டனில் இல்லை என்பதே தெளிவு.

இக்கதையை இயற்றியவர்களை நான் பழிக்கவில்லை. அடிமைப்பட்டிருந்த ஒரு மக்கள் கூட்டம், தன்னை ஆள்வோரை அஞ்சவைத்த கப்பலில் தன்னவன் ஒருவன் இருந்திருக்கக் கூடாதா என ஏங்கியது இயற்கை. அந்த ஏக்கமே கதையாயிற்று. நாட்டார் கதையாக அது நிலைக்கட்டும். நாட்டார் கதைக்கும் தனி மதிப்புண்டு. வரலாறு என்னும் பெயரில் அச்சேறும்போதுதான் அது குற்றமாகின்றது.

குற்றம் என்று நான் கூறுவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பொய்ப்புகழ் மெய்ப்புகழை மறைக்கின்றது. செண்பகராமன் இருபத்திரண்டு வயதில் அயல்நாட்டில் ஒரு விடுதலைக் குழுவை நிறுவியவர். 1915ஆம் ஆண்டு டிசம்பரில் காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசில் அயலுறவுப் பொறுப்பு அவர் பெயரில் இருந்தது. 1934ஆம் ஆண்டு பெர்லினில் மறையும்வரை தாய்நாடு திரும்ப இயலாமலே வாழ்ந்தார். அவருடைய அஸ்தியைத் துணைவியார் இலட்சுமிபாய் முப்பதாண்டுக்கு மேல் பாதுகாத்தார். 1966ஆம் ஆண்டு இந்தியக் கடற்படையின் டெல்லி என்னும் போர்க்கப்பல் அதனைக் கொச்சிக்குக் கொணர்ந்தது. அந்தக் கப்பல், முன்பு அக்கிலீஸ் என்னும் பெயரோடு 1939ஆம் ஆண்டு ஜெர்மானியப் போர்க்கப்பலொன்றை எதிர்த்துப் பொருத கப்பல். செண்பகராமன் போர்க்கப்பலில் நாடு வந்தது உண்மை; அது 1914இல் அன்று, 1966இல். அரை நூற்றாண்டுக் காத்திருப்பும் ஒரு பெண்ணின் உறுதியும் அடங்கிய இந்த உண்மைக்கு முன் எம்டன் கதை எம்மாத்திரம்? ஆயினும் நம் மாணவர் அறிந்திருப்பது கதையை மட்டுமே.

இரண்டாவது காரணம் இன்னும் முதன்மையானது. இன்றைய மாணவர் ஆங்கில நூல்களையும் படிக்கின்றனர்; நூலகத்தில் நொடிப்பொழுதில் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். தமிழ் வகுப்பில் கேட்டது ஆங்கில நூலில் பொய்யெனக் கண்டால், அவர் நம்பிக்கை இழப்பது ஒரு கட்டுரையில் மட்டும் அன்று. 'தமிழில் எழுதியிருந்தால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்' என்னும் எண்ணம் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் வேரூன்றினால், அதனைக் களைய நம்மில் எவராலும் இயலாது. தமிழ் வீட்டிற் பேசும் மொழியாக நிலைப்பதே அரிதாகிவரும் இந்நகரில், அறிவுக்குரிய மொழியும் அதுவே என்னும் மதிப்பையும் நாம் இழந்துவிடலாகாது.

முல்லரை மட்டும் தூய வீரராகக் காட்டுவதும் திறனாய்வாகாது. அவர் பெருந்தன்மையுடையவர், ஐயமில்லை. ஆனால் அவர் பணிசெய்ததும் நாடு பிடிக்கும் ஒரு பேரரசிற்கே. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மனி ஆண்டமுறை, இந்தியாவில் ஆங்கிலேயர் ஆண்டமுறையினும் மென்மையானதன்று. சென்னை மீது அவர் சுட்டது நம் விடுதலைக்காகவும் அன்று. பிரிட்டிஷ் வாணிகத்தைக் குலைக்கவும் மதிப்பைக் கெடுக்கவுமே. பகைவரைப் பண்போடு நடத்திய அதிகாரி, ஆதிக்கத்திற்குப் பணிந்த அதிகாரி ஆகிய இரண்டும் ஒருவரே. இவ்விரண்டையும் ஒருசேரக் காணும் கண்ணை மாணவர்க்குத் தருவதே வரலாற்றுக் கட்டுரையின் பயன்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எம்டன் என்னும் சொல்லைக் கற்பிக்கும்போது முல்லரின் பெயரையும் சேர்த்துக் கற்பியுங்கள். செண்பகராமனைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லும்போது, சூரிச், பெர்லின், காபூல், கொச்சி ஆகிய நான்கு ஊர்களையும் அவற்றுக்குரிய ஆண்டுகளையும் கரும்பலகையில் முதலில் எழுதிவிடுங்கள். பக்கத்தில் எம்டனின் நாட்களை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று தொடாமையைப் பிள்ளைகள் தாமே கண்டு கூறட்டும். ஒரு பாட வேளையில் அவர்கள் பெறும் அப்பயிற்சி, பத்துப் புகழ்ச்சியுரைகளை மனப்பாடம் செய்வதினும் மேலானது.

சொல்லைக் காலம் ஆக்குகின்றது. அதன் பொருளை மக்கள் ஆக்குகின்றனர். அவற்றைத் திருத்த நமக்கு உரிமையில்லை. வரலாற்றை எழுதுவோர் நாம். அதனைத் திருத்தும் கடமையும் நம்முடையதே.